பக்கத்து நாற்காலி

"நீ பக்கத்துல உக்காந்திருந்தா எனக்குப் படிக்க வரல, நீ எந்திச்சுப் போனா எனக்கு ஆரம்பிக்கவே வரலம்மா, நான் என்னதான் செய்ய?" என்றாள். "அப்ப நான் எங்கதான் உக்காரணும், கூரை மோட்டு மேலயா?" என்று நானும் விடவில்லை. "எங்கயாவது உக்காரு, இங்க வேண்டாம், இன்னைக்கு மட்டும் வேண்டாம், மிஸ் சொல்லியிருக்காங்கல்லா" என்று, அவள் மேசைக்குப் பக்கத்தில் வருஷக்கணக்காக நான் உட்கார்ந்து தேய்த்த பிரம்பு நாற்காலியைத் தூக்கி வந்து, ஹாலில் டிவிக்கு முன்னால், விருந்தாளிக்குப் போடுகிற மாதிரி போட்டுவிட்டுப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள் யாமினி. சாத்தினாள், அறையவில்லை. அறைந்திருந்தால்கூட எனக்குத் திருப்பிச் சொல்ல ஏதாவது கிடைத்திருக்கும். பெற்ற மகள் மரியாதையாகக் கதவைச் சாத்தினால் அதற்கு என்ன பதில் இருக்கிறது? பக்கத்தில் இருந்தால் படிப்பு வராது, போனால் ஆரம்பம் வராது. ஒரு பாதி இன்னொரு பாதியை அடித்துவிடுகிறது. எங்கள் கான்வென்ட்டில் இப்படி ஒரு வாக்கியத்தை எழுதிக் கொடுத்திருந்தால் சிஸ்டர் இக்னேஷியா சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டு, முதலில் யோசி பிறகு எழுது என்று ஓரத்தில் குறித்திருப்பார். ஆனால் இவள் யோசித்துத்தான் பேசியிருக்கிறாள், அதுதான் உறுத்துகிறது. ஸ்கூல் பஸ்ஸில் வரும்போதோ குளிக்கும்போதோ சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பேனா எங்கே என்று கேட்டாலே முழிக்கிறவளுக்கு வாக்கியம் இத்தனை உருண்டையாக வராது. பன்னிரண்டாவது வகுப்பு. திங்கட்கிழமை கெமிஸ்ட்ரி ரிவிஷன் டெஸ்ட். அது கழிந்தால் பப்ளிக் பரீட்சை, கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்து நிற்கும். இந்தச் சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் நான் அவள் அறைக்குள் போகக் கூடாது, கதவைத் தட்டக் கூடாது, வெளியிலிருந்து குரல் கொடுத்து ஆரம்பித்து வைக்கக் கூடாது. அவளே உட்கார்ந்து, அவளே எதை எடுப்பது என்று பார்த்து, அவளே தொடங்க வேண்டும். இது அவள் பள்ளிக்கூடத்துக் கவுன்சிலர் ஜெனிட்டா மிஸ் போட்ட உத்தரவு. அந்தப் பெண்ணுக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகவில்லை.

நாற்காலியில் உட்காரவில்லை. ஹால் நடுவில் அதில் உட்கார்ந்தால் நான் யாரோ மாதிரி இருப்பேன். மொச்சைக்காயைத் தட்டோடு எடுத்துவந்து தரையில், கதவு தெரிகிற மாதிரி உட்கார்ந்தேன். பிறகு அது காவல் மாதிரி இருக்கிறது என்று கதவு தெரியாத மாதிரி திரும்பி உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் கதவு இருப்பது முன்னால் இருப்பதைவிட மோசம். மறுபடியும் திரும்பினேன். பொங்கல் கழிந்த கையோடு வருகிற மொச்சை, நல்ல பால் பிடித்த காய், உரித்துப் போடுகிற ஒவ்வொரு பயறும் எவர்சில்வர் கிண்ணத்தில் டிங் என்று விழுகிறது. இந்தச் சத்தம் அவளுக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று கிண்ணத்துக்குள் ஒரு துணியைப் போட்டேன். போட்டதும் வீடு இன்னும் அமைதியாகிவிட்டது. உள்ளேயிருந்தும் ஒன்றும் வரவில்லை. புத்தகம் புரட்டுகிற சத்தம் வர வேண்டாமா? பேனா மூடியைப் பல்லால் கடிப்பாள், அது வரவில்லை. ஃபேன் மட்டும் ஓடுகிறது. ஓடுகிறது. நான் இதைக் கேட்டுக்கொண்டிருப்பது எதற்காக என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் வேறு எதற்கோ கேட்பது போல, பேரிங் போய்விட்டதோ, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டுமோ என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அந்தக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. போன வருஷம் ரிசல்ட் வந்த வாரத்தில் பேப்பரில் ஒரு செய்தி வந்தது. நான் அதைப் படித்து முடிக்கவில்லை. ஊர்ப் பெயரும் வயதும் பார்த்ததோடு மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் போட்டேன். மறுநாளே ஆசாரியை வரச் சொல்லி, கதவு மழைக்கு உப்பிப் போச்சு, தாழ்ப்பாள் சரியா விழல, கழற்றிடுங்க என்றேன். மழையே பெய்யவில்லை. ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வந்து யாமினி, திருகாணி கழன்ற அந்த ஓட்டைகளைப் பார்த்தாள். பார்த்தாள், பையை வைத்தாள், சாப்பிட என்ன இருக்கு என்றாள். இன்றுவரை ஏன் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு தள்ளு தள்ளினால் திறக்கும் கதவு அது. அதற்கு முன்னால் உட்கார்ந்துதான் மொச்சை உரித்துக்கொண்டிருக்கிறேன். பூட்டிய கதவாக இருந்தால் திறக்க முடியாது என்றாவது சமாதானம் இருக்கும்.

ஜெனிட்டா மிஸ் எங்களைக் கூப்பிட்டது அரையாண்டுப் பரீட்சைக்குப் பிறகு. கெமிஸ்ட்ரி பேப்பரில் பாதி வெள்ளை. எழுதின பாதியில் ஒரு பிழை கிடையாது, எழுதாத பாதியில் ஒரு எழுத்து கிடையாது. முந்தின நாள் நான் குறுக்கும் நெடுக்கும் கேட்டேன், எல்லாவற்றையும் சொன்னவள்தான். வெள்ளையாக விட்ட கேள்விகளை நான் வீட்டில் வைத்துக் கேட்டபோதும் சொன்னாள். பிறகு என்ன கேடு என்று எனக்குப் புரியவில்லை. அந்தச் சின்ன அறையில், சுவரில் சிரிக்கிற மேகம் எல்லாம் வரைந்து ஒட்டியிருந்தார்கள், எல்.கே.ஜி. மாதிரி, மிஸ் அவளைப் பார்த்து, "யாமினி, காலையில எந்திச்சதும் முதல்ல என்ன செய்வே?" என்றாள். "பல் தேய்ச்சு, காபி குடிச்சு, உடனே பயாலஜிக்கு உக்காந்திருவா" என்றேன். "நான் யாமினிட்ட கேட்டேன்ம்மா" என்றாள். சரி என்று வாயை மூடினேன். "உனக்கு எந்தப் பாடம் எடுத்தா கஷ்டமா இருக்கு?" "கஷ்டம்னு எல்லாம் இல்ல, கெமிஸ்ட்ரியில ஈக்குவேஷன் பேலன்ஸ் பண்ணதான் கொஞ்சம்..." அதுவும் நான்தான். என் வாய் என் அனுமதி கேட்காது, பிறந்ததிலிருந்து அப்படித்தான். மூன்றாவது கேள்வி கேட்டபோது நான் பல்லைக் கடித்துக்கொண்டு மேகத்தைப் பார்த்தேன். பதில் வரவில்லை. திரும்பினால், யாமினி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், பதில் என் நெற்றியில் எழுதியிருப்பது போல. ஜெனிட்டா மிஸ் அதைப் பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் அந்தப் பரீட்சை ஹாலைப் பற்றிக் கேட்டாள். இவள் சொன்னாள், அழவில்லை, பஸ் வரவில்லை என்று சொல்கிற மாதிரி சொன்னாள். "கொஸ்டின் பேப்பரை வாங்கினேன் மிஸ். எல்லாம் தெரிஞ்சதுதான். உக்காந்தே இருந்தேன். அம்மா ‘ம், ஆரம்பி’ம்பாங்க. ஹால்ல யாரும் சொல்லல."

யாரும் சொல்லல. இந்த இரண்டு வார்த்தையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? பாத்திரம் தேய்க்கும்போது வருகிறது, கோலப்பொடியை எடுக்கும்போது வருகிறது. எத்தனை பிள்ளைகள் தலை குனிந்து எழுதிக்கொண்டிருக்கிற ஹால், மேலே ஃபேன், சூப்பர்வைசர் டீச்சர் கொட்டாவி விட்டுக்கொண்டு நடக்கிறாள், என் பிள்ளை மட்டும் தெரிந்த கேள்விகளுக்கு முன்னால் ஒரு ‘ம்’முக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. நேரம் போவது தெரியாமலா, தெரிந்தும் கை வராமலா, அதை நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள் என்ற பயம். ஜெனிட்டா மிஸ் என்னிடம் தனியாகச் சொன்னாள்: "தலைக்குள்ள ஒரு மேஸ்திரி உண்டும்மா. எதை முதல்ல எடுக்கணும், எதை அப்புறம் வைக்கணும், எப்ப நிறுத்தணும், கவனம் சிதறினா எப்படித் திரும்ப வரணும்னு சொல்லுற ஆள். படிப்பு வேற, அந்த மேஸ்திரி வேலை வேற. யாமினிக்குப் படிப்பு இருக்கு. மேஸ்திரியும் இருப்பார். ஆனா அவர் வேலைக்கு வாற வாசல்லயே நீங்க நிக்கீங்க." எனக்குச் சுருக்கென்றது. "நான் நிக்காட்டா அந்த மேஸ்திரி குடிச்சுட்டு எங்கயாவது படுத்துக் கிடப்பார்" என்றேன். அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, "ரெண்டு நாள் லீவு போடுவார், மூணாவது நாள் வருவார். வந்ததும் கோணலாத்தான் கட்டுவார். நீங்க இடிச்சுப் போடாம இருக்கணும், அவ்வளவுதான்" என்றாள். பேசத் தெரிந்த பெண். இங்கிலீஷ்தான் கொஞ்சம் நொண்டுகிறது, ‘டிஸ்கஸ் எபௌட்’ என்கிறாள், எங்கள் காலத்தில் அதற்கு வெளியே நிறுத்துவார்கள். கிளம்பும்போது என்ன நினைத்தாளோ, அரையாண்டு பேப்பரில் வெள்ளையாக இருந்த ஒரு கேள்வியைக் காட்டி, இது உங்களுக்குத் தெரியுமாம்மா என்றாள். நான் மூச்சு விடாமல் முழுப் பதிலையும் சொன்னேன், ஈக்குவேஷனோடு. "நீங்க நல்லாப் படிக்கிறீங்கம்மா" என்றாள். "அவ எப்பப் படிப்பா?"

இவர் ஹாலுக்கு வந்தார். சனிக்கிழமை மின்வாரியத்துக்கு லீவு, சாப்பிட்டுவிட்டுக் குறுக்கெழுத்துப் போட்டியை மடியில் வைத்துக்கொண்டு தூங்குவார், தூங்கவில்லை என்று சாதிப்பார். டிவிக்கு முன்னால் கிடந்த நாற்காலியைப் பார்த்து, "இது ஏன் இங்க வந்திருக்கு?" என்றார். "தள்ளி வச்சுட்டா." "யாரை?" "நாற்காலியத்தான்." அவருக்குப் புரிந்தது, புரிந்தால் உடனே தண்ணீர் குடிக்கப் போவார், போனார். திரும்பி வந்ததும் நான், "ஏங்க, உள்ள சத்தமே இல்லையே" என்றேன். "படிக்கான்னு அர்த்தம்." "தூங்குதான்னும் அர்த்தம்." "தூங்கினா முழிச்சுக்கிடுவா, வடிவு. நான் எந்திக்கலியா?" "நீங்க எந்திச்சு என்ன கிழிச்சீங்க, மேலிருந்து கீழ் ஏழு இன்னும் வெள்ளையால்லா கிடக்கு." சிரித்தார். கதவைப் பார்த்தார், அவர் காதும் ஃபேன் சத்தத்தைத்தான் கேட்டது என்று எனக்குப் பட்டது, ஆனால் அவர் சொல்லமாட்டார். "நீ அந்தப் பரீட்சைய எழுதுனா மாவட்டத்துலயே முதல்ல வருவ. என்ன, ஹால் டிக்கெட்ல அவ போட்டோல்லா ஒட்டியிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். இந்த ஆம்பிளைகளுக்கு எப்படியோ ஒரு வரி கிடைத்துவிடுகிறது. அந்த வரியைப் போர்த்திக்கொண்டு தூங்கிவிடுகிறார்கள். எனக்கு வரியே கிடைக்கவில்லை, காய்தான் குறைந்துகொண்டு வருகிறது. இது முடிந்தால் எதை எடுப்பது? துணி மடித்தாகிவிட்டது. ஃபிரிட்ஜ் துடைத்தாகிவிட்டது, அதன் மேல் அவளுடைய ஃபோன் கிடக்கிறது, அவளே வெளியே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதுவும் மிஸ் சொன்னதாம். நான் தொண்டை கிழியக் கத்தினபோது வராத புத்தி.

எங்களுக்கு எல்லாம் யார் சொல்லித் தந்தார்கள்? போர்டிங்கில் சாயங்காலம் மணி அடித்தால் படிப்பு, மணி அடித்தால் ஜெபம், மணி அடித்தால் சோறு. நாங்கள் அத்தனை பேரும் ஒரே நீள வராந்தாவில் வரிசையாகச் சம்மணம் போட்டு, முதுகு சுவரில் படக் கூடாது, உட்கார்ந்திருப்போம். சிஸ்டர் இக்னேஷியா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார். ரப்பர் செருப்பு, நடை கேட்காது. இடுப்பில் தொங்குகிற ஜெபமாலை மட்டும் கேட்கும். மணிகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் பக்கத்தில் வந்தால் எல்லாத் தலையும் குனியும், தாண்டிப் போனால் ஒவ்வொன்றாக நிமிரும், காற்று போகிற வயல் மாதிரி. நான் படித்தேன் என்று இத்தனை வருஷமாக மார்தட்டிக்கொண்டிருக்கிறேனே, நான் படித்தது அந்த மணிச் சத்தத்துக்குத்தான். அது பக்கத்தில் இருந்தால் படித்தேன், தள்ளிப் போனால் பக்கத்துப் பிள்ளையின் ஜடையைப் பிரித்துப் பிரித்துப் பின்னினேன். பிறகு பள்ளிக்கூடம் முடிந்தது, காலேஜ் மணி, அது முடிந்து இந்த வீடு. இங்கே பால்காரன் மணி, குக்கர் விசில், இவர் ஆபீஸ் நேரம், யாமினி ஸ்கூல் பஸ்ஸின் ஹாரன். யோசித்துப் பார்த்தால், பிறந்து இத்தனை வருஷத்தில் யாரும் மணி அடிக்காமல் நானாக உட்கார்ந்து நானாகத் தொடங்கின காரியம் என்று எதைச் சொல்வேன்? மொச்சையைக்கூட அவள் கதவைச் சாத்தினதால்தான் எடுத்தேன். இல்லை, இது வீண் பேச்சு. மணி இருந்ததால்தான் மனுஷியாக வந்தோம். மணி அடிக்காத வீட்டுப் பிள்ளைகளைப் பார்க்கவில்லையா? மாடி வீட்டு அன்னபூரணம் இருக்கிறாள், "எங்க பிள்ளைக்குச் சொல்லவே வேண்டாம்க்கா, தானாப் படிப்பா" என்று ஏணிப்படியில் நின்று நெஞ்சை நிமிர்த்துவாள். தானாகக் கொதிக்கிற பாலை நான் இன்னும் பார்த்ததில்லை. அடியில் எவளாவது அடுப்பைப் பற்றவைத்திருப்பாள், வெளியே சொல்லமாட்டாள். ஆனால் ஜெபமாலைச் சத்தம் மட்டும் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. யாமினிக்கு என்னுடைய எது அப்படிக் கேட்டிருக்கும்? வளையலா? மூச்சா? நான் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாலும் பேப்பர் பார்த்தாலும் என் கண் அவள் பேனா முனையில்தான் இருக்கும், பேனா நின்றால் ‘ம்’ என்பேன். நின்றது யோசிக்கிறதற்காகவா என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

ஆனால் சும்மாவா போய் உட்கார்ந்தேன்? நாலாம் வகுப்பில் இவள் பென்சில் பாக்ஸ் வாரத்துக்கு ஒன்று தொலைப்பாள். குடையை பஸ்ஸில் விடுவாள், ஹோம்வொர்க்கை முடித்துவிட்டு நோட்டை வீட்டில் விட்டுப் போவாள். ஷூ ஒரு காலில் மாட்டிக்கொண்டு, இன்னொரு ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு, வாசலில் போகிற பூனையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். மூளை இல்லாத பிள்ளை இல்லை. எதைக் கேட்டாலும் நம்மைத் தூக்கிவாரிப் போடுகிற மாதிரி ஒன்று சொல்வாள். ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டத் தெரியாது, நடுவில் எங்கேயோ கால் மாட்டிக்கொள்ளும். தாயானவள் பார்த்துக்கொண்டு நிற்பாளா? ஷூவை நான் மாட்டினேன். பையை நான் அடுக்கினேன். டைம்டேபிளை நான் கலர் பேனாவில் போட்டு, பாடத்துக்கு ஒரு கலர், சுவரில் ஒட்டினேன், அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் "இப்ப என்னம்மா?" என்று என்னைக் கேட்பாள். நான் டைம்டேபிளைப் பார்த்துச் சொல்வேன். ஒரு கட்டத்தில் டைம்டேபிளே நான்தான், சுவரில் இருந்தது வெறும் காகிதம். பாடம் எனக்குத் தெரியாவிட்டால் கேள்வி கேட்க முடியாது என்று அவள் பள்ளிக்கூடம் போன பிறகு அவள் புத்தகத்தை எடுத்து வைத்துப் படித்தேன், சமையல் மேடையில் சாய்த்து வைத்து. கரண்டியும் கார்பாக்சிலிக் ஆசிடும். ஒருநாள் ரசம் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது என்பதை இந்த நிமிஷம்வரை யாரிடமும் சொன்னதில்லை. மனப்பாடம் ஆனதும் ஒரு தெம்பு வரும். சாயங்காலம் அவள் வந்ததும் கேட்பேன், திணறினால் நான் சொல்வேன். திணறினால் உடனே சொல்வேன். அவள் திணறி முடிக்கட்டும் என்று இருந்ததில்லை, எனக்குப் பொறுக்காது, அடுத்தவர் திணறுவதைப் பார்த்தால் எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

உள்ளே அவள் நாற்காலி நகர்ந்தது. என் கையில் இருந்த காய் அப்படியே நின்றது. நடக்கிறாள். சன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருக்கிற அந்தத் துண்டு இடத்தில் வெறுங்காலோடு நடக்கிறாள். ஐயோ, நடக்கிறாள் என்றால் இருக்கிறாள். அந்த நினைப்பு வந்த வேகத்தில் கண் கரித்தது. வெங்காயமாக இருந்திருந்தால் அதன் தலையில் போட்டிருக்கலாம், மொச்சைக்குக் கண் கரிக்காது. முதலில் ஒன்றும் சொல்லவில்லை, நடை மட்டும். பிறகு ஏதோ முணுமுணுப்பு. பிறகு சத்தமாகவே, யாருக்கோ கதை சொல்கிற மாதிரி, "செல்லுல ரெண்டு பக்கம் இருக்கு" என்று கேட்டது. எலக்ட்ரோ கெமிஸ்ட்ரி. அடப்பாவி, ஒன்பதாவது பாடம்! முதல் புத்தகத்தையே இன்னும் ஒருமுறை முழுசாகத் திருப்பிப் பார்க்கவில்லை, ஒரு மார்க் கேள்விகள் அத்தனையும் அப்படியே கிடக்கிறது, முதலில் ஒரு மார்க், பிறகு இரண்டு மார்க், பிறகு பெரியது என்று எத்தனை தடவை படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன், இவள் போய் நடுவிலே குதித்திருக்கிறாளே. எழுந்துவிட்டேன். எழுந்தது எனக்குத் தெரியவில்லை, மொச்சைத் தோல் எல்லாம் மடியிலிருந்து சிதறின பிறகுதான் தெரிந்தது. கதவுக்கு ஒரு முழம் இப்பால் நிற்கிறேன். கோணலாத்தான் கட்டுவார், இடிச்சுப் போடாதீங்க. சரிதான், நின்ற இடத்திலேயே நிற்கிறேன். ஆனால் திங்கட்கிழமை மறுபடியும் பாதி வெள்ளையாக வந்தால் இந்த மிஸ்ஸா வந்து என் பிள்ளையின் முகத்தைப் பார்க்கப்போகிறாள்? மார்ச்சில் வெள்ளையாக வந்தால்? ஜூனில் வெளியூர் ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தால் அங்கே யார் எழுப்புவார்கள், எதைச் சாப்பிட்டாள் எதை விட்டாள் என்று யாருக்குத் தெரியும், அந்த அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்குமே. இருக்கும். அங்கே எந்த ஆசாரியை வைத்து நான் கழற்றுவது? இந்தக் கதவுக்கு வெளியே நிற்கத் தெரியவில்லை என்றால் அந்தக் கதவுக்கு வெளியே, அத்தனை ஊர் தள்ளி, எப்படி நிற்பேன் என்று முதல் தடவையாக எனக்குப் பட்டது. அதற்காகவாவது இங்கே நின்று பழகவேண்டும்.

"ஆனோடுல ரிடக்‌ஷன் நடக்கும்" என்றாள் உள்ளே. தப்பு. சுத்தத் தப்பு. "கேத்தோடுல ஆக்சிடேஷன்." அதுவும் தப்பு. தலைகீழாகச் சொல்கிறாள். ஆனோடில் ஆக்சிடேஷன், ஆவுக்கு ஆ என்று வைத்துக்கொள், மறக்காது என்று நான்தானே சொல்லிக்கொடுத்தேன், அதையா மறந்தாள்? கை கதவில் இருந்தது. என் கைதான், மொச்சைக் கறை படிந்த விரல்கள், பலகையின் மேல் பட்டும் படாமலும். தள்ள வேண்டாம், தட்டவும் வேண்டாம், இங்கிருந்தே ‘ஆவுக்கு ஆ’ என்று சொன்னால் போதும், இரண்டு நொடி, அப்புறம் நான் பேசவே மாட்டேன். தப்பாகவே மனதில் பதிந்துவிட்டால் பிறகு எடுக்க முடியுமா? வாயைத் திறந்தேன். கதவில் இருந்த கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டேன். உள்ளே நடை நின்றுவிட்டது. ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. இதுதான் அவள் திணறுவது. நான் இதுவரை கேட்டிராத சத்தம் அது, சத்தமே இல்லாத சத்தம், ஒவ்வொரு தடவையும் இதற்கு மேல் என் குரலைப் போட்டு மூடியிருக்கிறேன். பிறகு மெதுவாக, பாதி தனக்கும் பாதி சன்னலுக்கும் சொல்கிற மாதிரி, "இரு. எலக்ட்ரான் எங்கேருந்து கிளம்புது? ஆனோடுலேருந்து. அப்ப அங்க உள்ளது எலக்ட்ரானை விடுது. விட்டா அது ஆக்சிடேஷன்ல்லா? ச்சீ, மாத்திச் சொல்லிட்டேன். விடுற பக்கம் ஆக்சிடேஷன், வாங்குற பக்கம் ரிடக்‌ஷன். அவ்வளவுதானா! இதுக்குப் போய்..." என்று சிரித்தாள். சின்னச் சிரிப்பு, பக்கத்தில் ஆள் இல்லாதபோது மட்டும் வருகிற சிரிப்பு. நாற்காலி இழுபட்டது, காகிதம் புரண்டது, பேனா ஓடத் தொடங்கியது. எழுதுகிறாள். யாரும் எதுவும் சொல்லாமல் எழுதுகிறாள்.

நான் சந்தோஷப்பட வேண்டும். படுகிறேன், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் கூடவே இன்னொன்றும், உள்ளங்காலில் குத்தின முள் மாதிரி, எங்கே என்று காட்டத் தெரியாமல் இருக்கிறது. எலக்ட்ரான் விடுகிற பக்கம் என்று நான் எப்போது யோசித்தேன்? ரசம் பொங்கப் பொங்க நான் படித்தது ஆவுக்கு ஆ, அவ்வளவுதான். அது ஏன் அப்படி என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவே இல்லை, சிஸ்டர் இக்னேஷியாவும் கேட்டதில்லை, மணி அடித்துவிட்டால் அடுத்த பக்கம். இத்தனை வருஷமாக அவள் பக்கத்தில் உட்கார்ந்து நான் காவல் காத்தது ஒரு அடைத்த பெட்டியை. அதைத் திறந்து பார்த்திருக்கிறாள் இவள், அதுவும் நான் இல்லாதபோது. விடுவது ஏன் ஆக்சிடேஷன்? விட்ட பிறகு அதற்கு என்ன ஆகும்? வாங்கிக்கொண்டதற்கு ரிடக்‌ஷன், குறைந்தது, என்று பேர் வைத்திருக்கிறார்களே, வாங்கினால் கூடத்தானே வேண்டும்? கேள்வியாக வருகிறது எனக்கு, ஒன்றன் பின் ஒன்றாக, இந்த வயதில், கதவுக்கு வெளியே, காலடியில் மொச்சைத் தோலோடு. உள்ளே பேனா நிற்காமல் ஓடுகிறது. தொந்தரவு செய்யக் கூடாது என்று தெரியும். அதனால் ரொம்ப மெதுவாக, என் காதுக்கே எட்டாத குரலில்தான் சொன்னேன்: "யாமினி, நான் உள்ள வரல. அது எப்படின்னு எனக்கும் ஒரு தடவை சொல்லித் தாயேன்ளா."

பேனா ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் குரலைக் கூட்டினேன்.

"இப்ப வேண்டாம், முடிச்சுட்டு. முடிச்சுட்டுச் சொல்லித் தா, என்னளா?"